மண்ணீரலில் ஒரு புள்ளி

(ஸ்ரீபெரும்புதூரில் ஆலைத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தினரும் ஆலை மருத்துவ மையங்களின் செவிலியர்களும் கூடிய அவையில் நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் ஓய்வு. துணி துவைக்கவும் ஊருக்குப் போன் பேசவும் வைத்திருந்த நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

மண்ணீரலில் வரும் ரத்தக்குழாய்க் கட்டிகள் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மிக அரிதான நோய்கள் இவை. இவற்றில் கொடியதான ஆஞ்சியோசார்க்கோமா 40 லட்சம் முதல் 70 லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு வந்தால் அதிகம். அப்படிப்பட்ட நோய்க்கு ஒரு பொதுக்கூட்டம் எதற்கு என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். என் பதில் இது: நோய் அரிது, ஆனால் 'மண்ணீரலில் ஏதோ தெரிகிறது' என்று எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட் இப்போது அரிதே அல்ல. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஒருவர் தூக்கம் தொலைக்கிறார். இன்னொருவர் ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோகிறார். இரண்டும் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன்.

இந்த வட்டாரத்தில் அந்த வரி எப்படிக் கைக்கு வருகிறது என்று பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை 1998-இல் ஓடத் தொடங்கியது. பிறகு சுங்குவார்சத்திரம், ஓரகடம், வல்லம் வடகால் என்று ஆலைகள் நிரம்பின. பெங்களூரு நெடுஞ்சாலையிலும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலும் கன்டெய்னர் லாரிக்கும் ஷிஃப்ட் பஸ்ஸுக்கும் நடுவில் பைக்கில் போகிறவர்கள் நீங்கள். பைக் சறுக்கி ஹேண்டில்பார் இடது விலாவில் இடித்தால் உள்ளே முதலில் அடிபடக்கூடியது மண்ணீரல். வயிற்றில் ஊமையடி பட்டால் அதிகம் காயப்படுகிற உறுப்புகளில் அது முன்வரிசையில் இருக்கிறது. அதனால் விபத்து என்று வந்தவுடன் வயிற்றுக்கு சி.டி. எடுக்கிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்துக்குப் பிறகு, விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கையில் காசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. மிக நல்ல காரியம். அந்த சி.டி.யில் காயம் ஒன்றும் இல்லை என்று தெரிகிறது, கூடவே முன்பே அங்கு இருந்த ஒரு புள்ளியும் தெரிகிறது. விபத்து இல்லாவிட்டாலும் இருக்கிறது மாஸ்டர் ஹெல்த் செக்கப், கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த வயிறு ஸ்கேன், கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேன். தேடாமலே கண்ணில் பட்ட புள்ளிகள் இவை.

மண்ணீரல் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இடது விலா எலும்புகள் ஒன்பது, பத்து, பதினொன்றின் அடியில், இரைப்பைக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் உறுப்பு அது. எடை சுமார் 150 கிராம், நீளம் 11 சென்டிமீட்டர் அளவு. ஆரோக்கியமானவருக்குக் கையால் தொட்டுப் பார்த்தால் தட்டுப்படாது. உங்கள் லைனில் கடைசியில் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறது அல்லவா, தேறாத பாகத்தை எடுத்து ஒதுக்கிவிடுவார்களே, ரத்தத்துக்கு அந்த வேலையைச் செய்வது மண்ணீரல். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். வயதானதும் விறைத்துப்போனதும் மண்ணீரலின் இடுக்குகளில் நுழைந்து வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்கிறது, அங்கேயே பிரிக்கப்படுகிறது. இது ஒரு வேலை. இன்னொரு வேலை, ரத்தத்தில் கலந்த கிருமிகளைப் பிடிப்பது. நியூமோகாக்கஸ் போல மேலே வழுக்கும் உறை போர்த்திய கிருமிகளை உடம்பில் வேறு எந்த உறுப்பும் இவ்வளவு திறமாகப் பிடிப்பதில்லை. இந்த இரண்டாவது வேலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதயம் அனுப்புகிற ரத்தத்தில் சுமார் 5 சதவீதம் இந்தச் சின்ன உறுப்புக்குள் போய் வருகிறது. உள்ளே சாதாரண ரத்தக்குழாய்கள் உண்டு. சைனஸ் என்று நாங்கள் சொல்லும் அகன்ற ரத்த வழிகளும் உண்டு. அந்த வழிகளின் சுவரில் வரிசையாக நிற்கும் ஒருவகை செல் மண்ணீரலில் மட்டுமே இருக்கிறது. அதற்கு லிட்டோரல் செல் என்று பெயர். இத்தனை விதமான குழாய்கள் ஒரே உறுப்பில் இருப்பதால் இங்கே வருகிற ரத்தக்குழாய்க் கட்டிகளும் பலவிதம்.

ஆனால் கட்டிக்குப் போவதற்கு முன்னால், நம் நாட்டில் மண்ணீரலில் புள்ளி என்றால் முதலில் எதை நினைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு நேரே அரிய கட்டிக்குப் போகிற டாக்டர்கள் இருக்கிறார்கள். இங்கே, சிறுசிறு புள்ளிகளாகப் பல தெரிந்து, மாலையில் காய்ச்சலும் உடல் இளைப்பும் இருந்தால் காசநோயை நினைக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. சர்க்கரை நோயாளி, சேற்றிலும் வயலிலும் புழங்குபவர், மழைக்காலத்துக் காய்ச்சல், மண்ணீரலில் பல சீழ்க்கட்டிகள் என்றால் மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதைக் கண்டுபிடித்து எழுதிவருகிறார்கள். சரியான மருந்தை ஊசியாகச் செலுத்தி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தால் தீரக்கூடிய நோய். இதைக் கட்டி என்று நினைத்து அறுத்தால் அது பெரிய அநியாயம். கழலைகள் வீங்கி, எடை குறைந்து, இரவில் வியர்த்துக் கொட்டினால் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். வேறு இடத்துப் புற்றுநோய் பரவி வந்திருக்கலாம். ஆடு, நாய் வழியாக வரும் ஹைடாடிட் நீர்க்கட்டியாக இருக்கலாம். பழைய அடியில் ரத்தம் தேங்கிப் பிறகு நீர்க்கட்டி ஆகியிருக்கலாம். பத்தில் ஒருவருக்கு மண்ணீரலை ஒட்டி ஒரு குட்டி மண்ணீரல் பிறவியிலேயே இருக்கும். ரிப்போர்ட்டில் அதையும் எழுதுவார்கள். அது நோயே அல்ல.

இத்தனையும் கழிந்த பிறகுதான் ரத்தக்குழாய்க் கட்டி.

அதிலும் பெரும்பான்மை ஹீமாஞ்சியோமா. மண்ணீரலில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளில் இதுவே மிகச் சாதாரணம். பெரும்பாலும் சின்னதாக இருக்கும், ஒன்றும் செய்யாது. 4 சென்டிமீட்டருக்கு உள்ளே இருந்து, வலியோ ரத்தக் குறைபாடோ இல்லாமல், ஸ்கேனில் அதற்கே உரிய தோற்றத்தோடு இருந்தால் அறுவை வேண்டாம். சில மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன், அதே அளவில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஹாமர்டோமா என்பது மண்ணீரலின் திசுவே ஓரிடத்தில் ஒழுங்கு தப்பி உருண்டு திரள்வது. வியன்னாவில் ரோகிடான்ஸ்கி 1861-இல் விவரித்தது, அதுவும் தீங்கற்றது. லிம்ஃபாஞ்சியோமா பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும், நிணநீர் நிறைந்த அறைகளாக இருக்கும்.

லிட்டோரல் செல் ஆஞ்சியோமாவைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். 1991-இல் ஃபால்க், ஸ்டூட்டே, ஃப்ரிட்செரா என்ற மூன்று நோய்க்குறியியலாளர்கள் 17 நோயாளிகளை வைத்து இதைத் தனி நோயாக அடையாளம் காட்டினார்கள். அதுவரை இது ஹீமாஞ்சியோமா கணக்கிலேயே எழுதப்பட்டு வந்தது. மண்ணீரல் வீங்கியிருக்கும், உள்ளே பல முடிச்சுகள் இருக்கும். சிலருக்குச் சிவப்பணு குறையும், சிலருக்குத் தட்டணு குறையும், பலருக்கு ஒன்றுமே தெரியாது. பெரும்பாலும் தீங்கற்றது. அப்படியானால் ஏன் தனியாகச் சொல்கிறேன்? இது இருப்பவர்களில் கணிசமானவர்களுக்கு உடம்பில் வேறெங்கோ இன்னொரு புற்றுநோயும் இருந்திருக்கிறது: குடல், சிறுநீரகம், லிம்ஃபோமா என்று. சிலருக்கு க்ரோன் நோய் போல நோயெதிர்ப்புக் கோளாறுகள் இருந்திருக்கின்றன. ஆகவே லிட்டோரல் செல் ஆஞ்சியோமா என்று நான் ரிப்போர்ட் எழுதினால், அதைப் பார்க்கும் டாக்டர் 'தீங்கற்றது, போய்ட்டு வாங்க' என்று அனுப்பிவிடக் கூடாது. குடலையும் வயிற்றையும் மார்பையும் ஒருமுறை முறையாகப் பார்க்க வேண்டும். மிகச் சிலரிடம் இந்தக் கட்டியே கொடியதாக மாறியதும் பதிவாகியிருக்கிறது. அதனால் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.

சான்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இன்னொன்று 2004-இல் மார்டெல் குழுவினர் 25 நோயாளிகளை வைத்து விவரித்தது. தழும்புத் திசுவுக்கு நடுவே ரத்தக்குழாய் முடிச்சுகள் இருக்கும். சி.டி.யில் சில சமயம் மையத்திலிருந்து ஆரங்கள் விரிவதுபோலத் தெரியும். பெட் ஸ்கேனில் இதுவும் ஒளிரக்கூடும். அதனால் பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தாலே புற்றுநோய் என்று முடிவுகட்ட முடியாது. மண்ணீரலை எடுத்த பிறகு இது திரும்பி வருவதில்லை என்பதே இதுவரையான அனுபவம்.

இனி ஆஞ்சியோசார்க்கோமா. இதைப் பற்றி நான் இனிப்பு தடவிப் பேசப் போவதில்லை. இடது பக்க வலி, எடை குறைவு, காரணம் தெரியாத ரத்தசோகை, தட்டணுக்கள் குறைந்துகொண்டே போவது, வேகமாகப் பெருக்கும் மண்ணீரல்: இவை சேர்ந்து வந்தால் காத்திருக்கக் கூடாது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மண்ணீரல் தானாகவே வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிய பிறகுதான் நோய் தெரியவருகிறது. கல்லீரலுக்குச் சீக்கிரம் பரவும். 2000-இல் வெளியான ஓர் ஆய்வில் 28 நோயாளிகள் இருந்தார்கள். சிகிச்சைக்குப் பிறகும் 26 பேர் இறந்தார்கள். வெடிப்பதற்கு முன்னால் மண்ணீரலை முழுதாக எடுத்தவர்கள் வெடித்த பிறகு வந்தவர்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள் என்பது பல தொகுப்புகளிலும் தெரிகிறது. பக்லிடாக்சல், டாக்சோரூபிசின் போன்ற கீமோ மருந்துகள் நோயைச் சில காலம் பிடித்து நிறுத்தக்கூடும். பரவிய நோயைத் தீர்க்கும் மருந்து இன்று கையில் இல்லை. ஆகவே நம்மால் செய்யக்கூடியது முன்கூட்டிக் கண்டுபிடிப்பது ஒன்றுதான். வேகமாக வளரும் புள்ளிக்கும் பத்து ஆண்டு அசையாமல் இருக்கும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பழைய ஸ்கேன் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. பழைய சி.டி.யைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான்.

தொழிற்சாலை வேலையால் இது வருமா? கூட்டம் தொடங்குவதற்கு முன்பே ஒரு தம்பி என்னிடம் கேட்டுவிட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். மண்ணீரலின் ரத்தக்குழாய்க் கட்டிகளுக்கு இன்ன தொழில், இன்ன ரசாயனம் காரணம் என்று நிறுவப்பட்டதில்லை. ஆனால் அதன் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க கல்லீரல் ஆஞ்சியோசார்க்கோமாவின் கதை வேறு. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் பி.வி.சி. ஆலை. அங்கே மருத்துவராக இருந்தவர் ஜான் கிரீச். அந்த நோய் ஒரு மருத்துவரின் வாழ்நாளில் ஒருமுறை கண்ணில் படுவதே அபூர்வம். அதே ஆலையின் ஆட்கள் ஒருவர்பின் ஒருவராக அதே நோயில் விழுவதை அவர் கவனித்தார். 1974 ஜனவரியில் விஷயம் அரசுக்குப் போனது. மாரிஸ் ஜான்சனுடன் சேர்ந்து மூன்று நோயாளிகளைப் பற்றி அவர் எழுதிய அறிக்கை அதே ஆண்டு வெளிவந்தது. வினைல் குளோரைடு வாயு கல்லீரல் ரத்தக்குழாய்களில் புற்றை உண்டாக்குகிறது என்பது உலகுக்குத் தெரிந்தது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் ரியாக்டர் தொட்டிக்குள் இறங்கி ஒட்டியதைச் சுரண்டிச் சுத்தம் செய்தவர்கள். அமெரிக்கா காற்றில் அனுமதிக்கும் அளவைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. இன்று பி.வி.சி. குருணையை உருக்கி ஒயர் உறையோ பைப்போ வார்க்கும் வேலையும், அந்த வாயுவிலிருந்து பி.வி.சி.யைத் தயாரிக்கும் வேலையும் ஒன்றல்ல. இங்கு யாரும் பயப்பட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கிரீச்சின் கையில் நவீன கருவி எதுவும் இல்லை. ஓர் ஆலையின் மருத்துவப் பதிவேடும், இறந்தவர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்கும் பழக்கமும் இருந்தன. ஓ.எச்.சி. எனப்படும் ஆலை மருத்துவ மையத்தில் வேலை பார்க்கும் சகோதரிகள் பதிவேட்டில் 'ஆபரேட்டர்' என்று மட்டும் எழுதாமல், எந்த ஷாப், எந்தக் கெமிக்கல், எத்தனை வருடம் என்று எழுதுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் எழுதுங்கள். அவர்கள்தான் அதிகம் இடம் மாறுகிறவர்கள். மூன்று நோயாளிகள் மூன்று ஊர் ஆஸ்பத்திரிகளில் சிதறிவிட்டால் எந்தக் கிரீச்சாலும் அவர்களை ஒன்றாகப் பார்க்க முடியாது.

சரி, புள்ளியைப் பார்த்தாயிற்று. அடுத்து என்ன? சாதாரண வயிறு ஸ்கேன் புள்ளி இருக்கிறது என்று காட்டும், இன்னது என்று பெரும்பாலும் காட்டாது. மருந்து செலுத்தி, மூன்று கட்டமாக எடுக்கும் சி.டி. வேண்டும். மருந்து செலுத்திய சில நொடியில் ஒரு படம், ஒரு நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு ஒன்று, சில நிமிடம் கழித்து ஒன்று. ஹீமாஞ்சியோமா ஓரத்திலிருந்து மெல்ல நிறையக்கூடும். லிட்டோரல் செல் ஆஞ்சியோமாவின் முடிச்சுகள் முதலில் கருமையாகத் தெரிந்து, கடைசிப் படத்தில் சுற்றியுள்ள திசுவோடு கலந்து மறையக்கூடும். இதனால்தான் ஒரே கட்டப் படத்தை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எம்.ஆர்.ஐ. உள்ளே தேங்கிய இரும்புச் சத்தைக் காட்டிக்கொடுக்கும். அதோடு ரத்த எண்ணிக்கை, கல்லீரல் சோதனை, காசநோய்க்கான சோதனைகள்.

ஊசி போட்டுத் திசு எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். மண்ணீரலில் ஊசி குத்தினால் ரத்தம் நிற்காது என்ற பயம் டாக்டர்களுக்கு நெடுங்காலமாக உண்டு. 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பெரிய சிக்கல் சுமார் 2 சதவீதம் பேருக்குத்தான் வந்திருந்தது, மெல்லிய ஊசியில் அதைவிடவும் குறைவு. ஆகவே காசநோயா லிம்ஃபோமாவா என்ற சந்தேகத்துக்கு, கை தேர்ந்த இடத்தில், ஊசிப் பரிசோதனை நல்ல வழி. ரத்தக்குழாய்க் கட்டி என்று படமே சொல்லும்போது நிலைமை வேறு. கசிவு அபாயம் கூடுகிறது. ஊசியில் வருகிற நூலளவு திசுவில் தீங்கற்ற பகுதி மட்டும் மாட்டி, பக்கத்திலேயே உள்ள கொடிய பகுதி தப்பிவிடவும் கூடும். அங்கே மண்ணீரலையே எடுத்துப் பார்ப்பதுதான் சிகிச்சை, அதுவே பரிசோதனையும். இன்று பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பியில் எடுக்கிறார்கள். 1991-இல் பாரிஸில் தெலேத்ர் செய்து காட்டிய முறை. கட்டி ஓர் ஓரத்தில் மட்டும் இருந்தால் பாதி மண்ணீரலை மிச்சம் வைக்கும் அறுவையும் உண்டு. இளைஞர்களுக்கு அதை முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இந்த இடத்தில் அறுவை மருத்துவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு, பொதுமேடையிலேயே சொல்கிறேன். சின்னத் துளை வழியாக மண்ணீரலை வெளியே எடுக்க, பைக்குள் போட்டு நசுக்கித் துண்டு துண்டாக எடுப்பது வழக்கம். ரத்த அழிவு நோய்க்காக எடுக்கும் மண்ணீரலுக்கு அது சரி. கட்டிக்காக எடுப்பதை அப்படிச் செய்யக் கூடாது. கூழாக வந்த மண்ணீரலை நான் டப்பாவிலிருந்து ஊற்றிப் பார்த்திருக்கிறேன். எது முடிச்சு, எது ஓரம், உறையைத் தாண்டியதா என்று எதுவும் சொல்ல முடியவில்லை. ஒரு கையகல வெட்டுப் போட்டு முழுதாக எடுத்துக் கொடுங்கள்.

முழுதாக வந்தால் என்ன செய்வோம் என்று சொல்கிறேன். மண்ணீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு, சீக்கிரம் அழுகும். ஃபார்மலின் வாளியில் அப்படியே போட்டுவைத்தால் மேல்தோல் மட்டும் கெட்டிப்பட்டு நடுப்பகுதி கெட்டுவிடும். ஆகவே வந்த உடனே எடைபோட்டு, நீளமான கத்தியால் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வரிசையாக அறுத்து, அறுத்த பக்கங்களுக்கு நடுவே துணியோ காகிதமோ வைத்து ஃபார்மலினில் ஊறவிட வேண்டும். லிட்டோரல் செல் ஆஞ்சியோமா இருந்தால், அறுத்த முகத்தில் கருஞ்சிவப்பு முடிச்சுகள் பல தெரியும், விரலால் அழுத்தினால் ரத்தம் கசியும். மறுநாள் துண்டுகளை எடுத்து மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தால், ஒன்றோடொன்று பின்னிய ரத்த வழிகள். அவற்றின் சுவரில் உயரமான செல்கள், சில கழன்று வழிக்குள்ளே மிதக்கும். அவற்றின் வயிற்றில் பழுப்பு நிற இரும்புத் துகள்.

கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைக் காட்டும் ஐ.எச்.சி. சாயங்கள் போட வேண்டும். சாதாரண சைனஸ் செல்லில் சிடி8 ஏறும். ஹாமர்டோமாவிலும் ஏறும். லிட்டோரல் செல் ஆஞ்சியோமாவில் ஏறாது. அதற்குப் பதில் சிடி68, சிடி21 ஏறும். ரத்தக்குழாய்த் தன்மையைக் காட்டும் சிடி31 எல்லாவற்றிலும் ஏறும். சான்ட் கட்டியில் மூன்று வகைக் குழாய்களும் கலந்திருக்கும். ஆஞ்சியோசார்க்கோமாவில் செல்களே முரடாக இருக்கும், பிரிந்து பெருகும் வேகம் கூடியிருக்கும். இந்தச் சாயங்கள் எல்லா ஊர் ஆய்வகத்திலும் இருப்பதில்லை. இல்லாத இடத்தில் ஊகித்து எழுதுவதைவிட, மெழுகுக் கட்டையை இருக்கிற இடத்துக்கு அனுப்புவதே நேர்மை. காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா புற்றுநோய் நிலையம், 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை என்று இரண்டாம் கருத்துக் கேட்க இடம் உண்டு. கட்டையும் ஸ்லைடும் உங்களுடைய உடம்பிலிருந்து எடுத்தவை. கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. வாங்கும்போது ரசீது எழுதி வாங்குங்கள்.

விபத்தில் கிழிந்து அவசரமாக எடுத்த மண்ணீரலும் ஆய்வகத்துக்கு வந்தே ஆக வேண்டும். லேசாக இடித்ததற்கே மண்ணீரல் வெடித்தது என்றால் உள்ளே முன்பே ஏதாவது இருந்ததா என்ற கேள்வி எழ வேண்டும். நடுராத்திரி அறுவையின் அவசரத்தில் அந்த வாளியைக் குப்பைக்கு அனுப்பிவிட்டால் அந்தக் கேள்விக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் கிடையாது.

இப்போது இன்றைய பேச்சின் மிக முக்கியமான பகுதி. கட்டி போனது, தையல் பிரித்தாயிற்று, வேலைக்குத் திரும்பியாயிற்று. நோய் முடிந்தது என்று நினைப்பீர்கள். மண்ணீரல் இல்லாத வாழ்க்கை அன்றுதான் தொடங்குகிறது. உறை போர்த்திய கிருமிகளைப் பிடிக்கும் வேலை என்று முதலில் சொன்னேனே, அதைச் செய்ய இனி ஆள் இல்லை. 1952-இல் கிங், ஷூமேக்கர் என்ற இரு மருத்துவர்கள், மண்ணீரல் எடுத்த பச்சிளம் குழந்தைகளுக்குக் கடும் ரத்தத் தொற்று வருவதை எழுதினார்கள். அதுவரை மண்ணீரல் போனால் ஒன்றுமில்லை என்றே பலர் நம்பியிருந்தார்கள். இந்தத் தொற்று அடிக்கடி வருவதல்ல. வந்தால் காலையில் குளிர்காய்ச்சல், மாலையில் ரத்த அழுத்தம் விழுந்துவிடும், பாதிப்பேர் வரை இறந்துவிடக்கூடும். அறுவை முடிந்து இருபது ஆண்டு கழித்தும் வரலாம்.

தடுக்க வழி இருக்கிறது. நியூமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் என்ற மூன்று கிருமிகளுக்கும் தடுப்பூசி. திட்டமிட்ட அறுவை என்றால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட வேண்டும். அவசர அறுவை என்றால் இரண்டு வாரம் கழித்து. ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி. மெனிங்கோகாக்கஸ் ஊசியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். ஹிப் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு 2011 டிசம்பரில்தான் அரசுத் திட்டத்தில் வந்தது. இன்று லைனில் நிற்கும் 22 வயதுத் தங்கை அதற்கு முன் பிறந்தவள். 'சின்ன வயசுல எல்லா ஊசியும் போட்டாச்சு' என்று அம்மா சொல்வது உண்மைதான், ஆனால் அந்த 'எல்லா'வில் இவை இல்லை. அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே, 'ஊசி எப்போது, எங்கே போடுவீர்கள்' என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் வராமல், அவசரம் இல்லாத அறுவைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு 2024-இல் திறக்கப்பட்டது. பல ஊர்ப் பெண்கள் பாதுகாப்பாகத் தங்க இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. அதே சமயம், மெனிங்கோகாக்கஸ் நெருக்கமாகத் தூங்கும் இடங்களில், படை வீரர் முகாம், மாணவர் விடுதி போன்றவற்றில், பரவும் கிருமி என்பது மருத்துவத்துக்கு நெடுநாளாகத் தெரியும். மண்ணீரல் இல்லாத ஒரு பெண் ஒரே அறையில் ஐந்தாறு பேரோடு தூங்கினால், அவளுக்கு அந்த ஊசி வேண்டும், அவளுடைய அறைத் தோழிக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: இவளுக்கு 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுக்க வைக்கக் கூடாது. டாக்டர் முன்பே எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை உடனே விழுங்க வைத்து, அந்த நிமிடமே வண்டி கூப்பிட வேண்டும். நைட் ஷிஃப்டாக இருந்தாலும் சூப்பர்வைசரிடம் பெர்மிஷன் கேட்டு நிற்க நேரமில்லை. வார்டன் அம்மாவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நாய் கடித்தாலும் ரேபிஸ் ஊசியோடு விடாமல் ஆன்டிபயாடிக் கேட்க வேண்டும்.

ஒடிசா, ஜார்கண்ட், சத்தீஸ்கரிலிருந்து வந்த தம்பிகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அங்கே சில மாவட்டங்களில், மண்ணீரல் இல்லாதவருக்கு ஆபத்து கூடிய ஃபால்சிபாரம் மலேரியா இன்னும் உண்டு. மண்ணீரல் எடுத்தவர் லீவுக்கு ஊருக்குப் போகும்போது கொசுவலையும் டாக்டர் சொன்ன தடுப்பு மாத்திரையும் பையில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து திரும்பி வந்து காய்ச்சல் என்றால், ரத்தச் சோதனை அன்றே. இங்குள்ள டாக்டரிடம் 'எனக்கு மண்ணீரல் கிடையாது' என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ அதை எழுதிய ஓர் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லத் தமிழ் வராமல் போய் உயிர் போகக் கூடாது.

செலவு பற்றி. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் நீங்கள் இ.எஸ்.ஐ.க்குள் வருகிறீர்கள். ஆலை மாறினாலும், கான்ட்ராக்டர் மாறினாலும் உங்கள் இ.எஸ்.ஐ. எண் ஒன்றுதான். புதிய இடத்தில் புது எண் போட விடாதீர்கள், பழைய கட்டணக் கணக்கு அறுந்துவிடும். புற்றுநோய் என்று உறுதியானால், போதிய காலம் வேலை செய்து கட்டணம் கட்டியிருப்பவருக்கு, நீட்டித்த நோய்க்காலப் பணப் பயன் உண்டு. அந்த விண்ணப்பத்தோடு சேர வேண்டியது நோய்க்குறியியல் ரிப்போர்ட். இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வருமானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் வைத்து முன்பே பதிந்து வையுங்கள். வெடித்த மண்ணீரலோடு ஆம்புலன்ஸில் போகும்போது தாலுகா ஆபீஸ் வரிசையில் நிற்க முடியாது.

ஓ.எச்.சி. செவிலியர் சகோதரிகள் கொஞ்சம் இருந்து போகும்படி கேட்டுக்கொள்கிறேன். பின் மேசையில் இரண்டு மைக்ராஸ்கோப் வைத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் ஹீமாஞ்சியோமா, வலப்பக்கத்தில் லிட்டோரல் செல் ஆஞ்சியோமா. இரண்டும் ஒருகாலத்தில் ஒரே பெயரில் எழுதப்பட்டவை. உங்கள் கண்ணாலேயே பாருங்கள். செகண்ட் ஷிஃப்ட் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் வாருங்கள், மற்றவர்களின் கேள்விகளுக்கு அதுவரை இங்கேயே பதில் சொல்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட் கொண்டுவந்திருப்பவர்கள் படத் தகட்டையும் சேர்த்துக் கொடுங்கள்.